துண்டு போட்ட இடம்

எனக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ காப்பி எடுக்கிறார்" என்பார்கள். தப்பில்லை. ஒரு டேட்டாபேஸில் எழுதப்படுவதை இன்னொரு டேட்டாபேஸில் அதே வரிசையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் பிழைப்பு. தொழிலில் அதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். அதில் கடைசிச் சில வருடங்கள், இந்த ரெப்ளிகேஷனைச் சிஐ சேவையோடு இணைக்கும் வேலையில் போயின. டெவலப்பர் கோட் அனுப்பியதும் தானாகவே பில்ட் எடுத்து, சோதித்து, பச்சையோ சிவப்போ காட்டுமே, அந்தச் சிஐ.

இரண்டையும் இணைப்பது ஒரு நாள் வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். சிஐ என்பது தொடங்கி முடிகிற சமாசாரம். ஐந்து நிமிடமோ ஐம்பது நிமிடமோ, கடைசியில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விடும். ரெப்ளிகேஷன் முடிவதே இல்லை. போய்விடுகிற ஒன்றை, நிற்காத ஒன்றோடு கட்டிவைத்தால் முடிச்சு எங்கே அவிழும் என்று அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1999இல் சென்னையில் டிபிஏவாக, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியாக, சேர்ந்தபோது சிஐ என்ற பேச்சே கிடையாது. ஆரக்கிள் 8. ப்ரைமரி (மூல டேட்டாபேஸ்) எழுதிமுடித்த, மாற்றங்களைப் பதிந்த லாக் ஃபைல்களைக் கால் மணிக்கு ஒரு முறை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எஃப்டிபி வழியாக வேறு ஊரில் இருந்த ஸ்டாண்ட்பைக்கு (அதன் நகலுக்கு) அனுப்பும். அங்கே இன்னொரு ஸ்கிரிப்ட் அவற்றை ஏற்றும். காலையில் காபிக்கு முன்னால் முதல் வேலை, இரண்டு பக்கத்து லாக் எண்களையும் ஒப்பிடுவது. இங்கே 4812, அங்கே 4809 என்றால் சரி, வந்துகொண்டிருக்கிறது. அங்கே 4790 என்றால் லைன் போயிருக்கிறது, போனை எடு.

ஒரு வருடம் எண்கள் ஒழுங்காகப் பொருந்தியே வந்தன. ஒருநாள் ஒத்திகைக்காக ஸ்டாண்ட்பையைத் திறந்தோம். பெரிய டேபிள் ஒன்றைத் தொட்டதும் பிளாக் கெட்டிருக்கிறது என்று பிழை வந்தது. துருவிப் பார்த்ததில், இரவு லோடு சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ அந்த டேபிளுக்கு நோலாகிங் போட்டிருந்தார்கள். டேட்டா ப்ரைமரிக்குள் போயிருக்கிறது, லாகில் ஏறவில்லை. லாக் ஒன்றுகூட விடுபடாமல் வந்து சேர்ந்திருந்தது. எழுதப்படாததை எந்த லாக் கொண்டுவரும்? எண் பொருந்துவதும் சரக்கு வந்து சேர்வதும் வேறு வேறு என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். அதே பாடத்தை இன்னும் மூன்று முறை வேறு வேறு வேஷத்தில் படித்தேன்.

அப்போதெல்லாம் ரிலீஸ் என்றால் சனிக்கிழமை ராத்திரி. டெவலப்பர் எஸ்க்யூஎல் ஃபைல்களை மெயிலில் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவார். ஒவ்வொரு ஃபைலையும் ஓட்டுவதற்கு முன்னால் நான் கேட்பேன்: "அண்ணே, இந்த டேபிள் ஸ்டாண்ட்பைலயும் இருக்கே, ரிப்போர்ட்காரங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" பாதி நேரம் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கேள்விதான் எங்களிடம் இருந்த ஒரே பாதுகாப்பு. பின்னால் வந்த இயந்திரங்கள் என்னைவிட வேகமானவை, என்னைப்போலத் தூங்கி வழியாதவை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் வந்தது ஹட்சன். சன் நிறுவனத்தில் இருந்த கோசுகே கவாகுச்சி எழுதி 2005இல் வெளியிட்டது. ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்து 2011இல் ஜென்கின்ஸ் ஆனது. எங்களிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து டெவலப்பர்களுக்குக் கொண்டாட்டம். டேட்டாபேஸ்காரர்கள் நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். ஏனென்றால் சிஐக்குள் ஓடிய டேட்டாபேஸ் ஒரு பொம்மை. மெமரியில் எழும், காலி டேபிள்களோடு சோதனையை முடிக்கும், மறையும். ப்ரைமரி ஒன்று, அதன் பின்னால் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கும் நாலு பேர் என்ற குடும்பமே அதற்குத் தெரியாது.

2018இல் அது எங்களை வந்து கடித்தது. அப்போது போஸ்ட்கிரெஸ் 10க்கு மாறியிருந்தோம். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் அந்தப் பதிப்பில்தான் உள்ளேயே சேர்ந்து வந்தது. வரி வரியாக மாற்றங்களைக் கொண்டுபோகும், டேபிளின் அமைப்பில் செய்யும் மாற்றத்தை மட்டும் கொண்டுபோகாது. அதை இரண்டு பக்கமும் நாம்தான் செய்ய வேண்டும். ஒரு டெவலப்பர் ஒரு காலத்தின் பெயரை மாற்றினார். (எங்கள் தொழிலில் காலம் என்றால் டேபிளின் நெடுவரிசை, நேரம் அல்ல.) சிஐயில் முந்நூறு சோதனையும் பச்சை. ப்ரைமரியில் மாற்றம் ஏறியது. ரிப்போர்ட் டேட்டாபேஸ், எனக்குத் தெரியாத பெயரில் காலம் வருகிறதே என்று நின்றுவிட்டது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. சில விநாடிக்கு ஒரு முறை எழும், அதே பிழையில் விழும், மறுபடி எழும். அந்த லாகை யாரும் பார்க்கவில்லை.

கண்டுபிடித்தது அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு அம்மா. மறுநாள் மாலை போன் செய்தார். "சார், நேத்து கலெக்‌ஷனும் இன்னிக்குக் கலெக்‌ஷனும் பைசா மாறாம ஒண்ணா இருக்கே, அது எப்படி?" பழைய டேட்டாவின் ஆபத்து இதுதான். கெட்டுப்போன டேட்டா முகத்தைக் காட்டிவிடும். பழைய டேட்டா நல்ல டேட்டா மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

அதன் பிறகுதான் சிஐயையும் ரெப்ளிகேஷனையும் இணைத்தே தீருவது என்று இறங்கினோம். ஆழம் தெரியாமல்தான் இறங்கினோம். ப்ரைமரியின் மாற்றங்களைப் படித்துத் தேடல் சேவைக்கு அனுப்பும் ஒரு ப்ரோகிராமையும் நாங்களே எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொரு பில்டின்போதும் சிஐ ப்ரொடக்‌ஷன் ப்ரைமரியில் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட்டைத் திறக்கும், இரண்டு நிமிடம் உண்மையான மாற்றங்களை வாங்கும், புதிய கோடுக்கு அவை புரிகிறதா என்று பார்க்கும், ஸ்லாட்டை மூடும். ஏன் ப்ரைமரியிலேயே கைவைத்தீர்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்றைக்கு லாஜிக்கல் ஸ்லாட்டை ஸ்டாண்ட்பையில் திறக்க வழியில்லை. அது 2023இல், 16ஆம் பதிப்பில்தான் வந்தது.

ஸ்லாட் என்றால் என்ன என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது. "நான் இதுவரைக்கும் வாங்கிட்டேன், மீதியை எனக்காக வை" என்று ப்ரைமரியிடம் சொல்லி வைக்கும் துண்டு. துண்டு கிடக்கிறவரை ப்ரைமரி அந்த இடத்துக்குப் பிறகான லாக் ஃபைல்களை அழிக்காது. துண்டு போட்டவர் இறங்கிப் போய்விட்டாரா என்று அது கேட்பதில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் பில்ட்கள் சிவப்பாகத் தொடங்கின. எல்லா ஸ்லாட்களும் பயன்பாட்டில் உள்ளன என்ற பிழை. அதன் கீழேயே போஸ்ட்கிரெஸ் யோசனையும் சொல்லும்: ஒன்றை விடுவி, இல்லையென்றால் உச்ச எண்ணிக்கையைக் கூட்டு. இரண்டு யோசனையில் நாங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். பத்து என்றிருந்ததை நாற்பது ஆக்கினோம். அந்த மாற்றத்துக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி, ராத்திரி கண்விழித்து, அபாய மணியின் நாக்கை அறுத்துவிட்டு வந்தோம். கையெழுத்துப் போட்டது நான்தான்.

2019 மாட்டுப் பொங்கலன்று விடியற்காலை நாலரை மணிக்கு போன் வந்தது. ஊரில் இருந்தேன், தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஷிஃப்டில் இருந்த பையனின் குரல் நடுங்கியது. "சார், ப்ரைமரி விழுந்துடுச்சு. டிஸ்க் நூறு பர்சென்ட். ஸ்டார்ட் பண்ணா திரும்ப விழுது."

"எந்த டைரக்டரி?"

"வால் டைரக்டரி சார். நானூறு ஜிபிக்கு மேல இருக்கு. எல்லாம் பதினாறு பதினாறு எம்பி ஃபைல். பழசா பார்த்து ஒரு நூறு ஃபைல் டெலீட் பண்ணிடட்டுமா?"

"கீபோர்டுல இருந்து கையை எடுப்பா" என்றேன்.

வால் என்பது எழுதும் முன் எழுதும் லாக். ஆங்கிலச் சுருக்கப்பெயர்தான், ஆனால் தமிழில் பொருத்தமாக அமைந்துவிட்டது. அன்றைக்கு அது அனுமார் வாலாக நீண்டிருந்தது. அதில் கைவைத்தால் டேட்டாபேஸே போகும். 9.6 பதிப்புவரை அந்த டைரக்டரியின் பெயர் எக்ஸ்லாக். பெயரில் லாக் இருப்பதால் வெறும் லாக் என்று எண்ணி அழித்து நாசமானவர்கள் அதிகமாகித்தான் 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். அந்தப் பையன் கேட்டதில் ஆச்சரியமில்லை. விடியற்காலையில், தனியாக, பதற்றத்தில் எவருக்கும் அழிக்கத்தான் தோன்றும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால், 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தில் பின்தங்கிப்போன ரெப்ளிகாவைச் சரிசெய்யப் போன பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து ப்ரைமரியின் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. தினமும் எடுப்பதாக நம்பியிருந்த பேக்கப், பதிப்பு பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல் கைகொடுத்தது. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். மறைக்காமல் சொன்ன அந்த நேர்மைக்கு இந்தத் தொழிலே கடன்பட்டிருக்கிறது. அன்று என் வாயில் "கையை எடு" என்ற சொல் உடனே வந்ததற்குக் காரணமும் அதுதான்.

டிஸ்க்கில் இருபது ஜிபி கூட்டச் சொன்னேன். ப்ரைமரி எழுந்தது. ஸ்லாட் பட்டியலை எடுத்து வாசி என்றேன். மொத்தம் இருபத்தாறு வரி. மூன்று எங்களுடைய நிரந்தர ஸ்லாட்கள், ஆக்டிவ். மற்ற இருபத்து மூன்றும் பெயரில் பில்ட் எண்ணோடு, ஆக்டிவ் என்ற காலத்தில் எஃப் என்று. சிஐ திறந்தவை. மிகப் பழையது அக்டோபர் கடைசியில் ஓடிய ஒரு பில்டுடையது. அதன் துண்டுக்காகப் பதினோரு வாரச் சரக்கை ப்ரைமரி கட்டிக் காத்துக்கொண்டிருந்தது.

சிஐ ஏன் மூடவில்லை? டெவலப்பர் ஒரு மாற்றத்தை அனுப்பி, பில்ட் பாதி ஓடும்போதே அடுத்த மாற்றத்தை அனுப்பினால், பழைய பில்டை ஜென்கின்ஸ் நடுவிலேயே நிறுத்திவிடும்படி வைத்திருந்தோம். மிஷின் நேரம் மிச்சம் என்று நாங்களே செய்த ஏற்பாடு. நிறுத்தப்பட்ட பில்டில் மூடும் படி ஓடாது. பையன் ஒவ்வொரு ஸ்லாட்டாக நீக்கினான், பெயரைச் சொல்லச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே. அடுத்த செக்பாயிண்ட் ஓடியதும் நானூறு ஜிபியும் கரைந்தது. எட்டு மணிக்கு மாட்டுக்கு மாலை போடப் போனேன். எண்பது சதவீதம் தாண்டியபோதே எச்சரிக்கை மெயில் வந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு மெயில் வரும் குழு முகவரிக்கு வந்திருந்தது.

இதில் வெட்கக்கேடு வேறொன்று. அமர்வு முடிந்தால் தானே மறைந்துபோகும் தற்காலிக ஸ்லாட் என்ற வசதி, நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்த அதே 10ஆம் பதிப்பிலேயே இருந்தது. ஸ்லாட்டைத் திறக்கும் கட்டளையில் மூன்றாவது இடத்தில் ட்ரூ என்று ஒரு சொல். அவ்வளவுதான். கையேட்டை யாரும் அந்த வரிவரை படிக்கவில்லை.

அதன் பிறகு சிஐ ப்ரொடக்‌ஷனைத் தொடுவதை நிறுத்தினோம். பில்டுக்குள்ளேயே இரண்டு கண்டெய்னரில் இரண்டு டேட்டாபேஸ் எழும், நடுவில் ரெப்ளிகேஷன் கட்டப்படும், மாற்றம் ஏறும், மறுபக்கம் வந்ததா என்று பார்க்கப்படும், எல்லாம் கலையும். கேட்க அழகாக இருந்தது. அடுத்த சிக்கல் "எவ்வளவு நேரம் பொறுப்பது" என்பதில் வந்தது. முதலில் எழுதியவர் ஸ்லீப் முப்பது என்று போட்டுவிட்டார். காலையில் பச்சை. மாலையில் பத்து பில்ட் ஒன்றாக ஓடும்போது முப்பது விநாடி போதாது, சிவப்பு. அறுபது ஆக்கினார்கள், நூற்றிருபது ஆக்கினார்கள். பிறகு சிவப்பைப் பார்த்தால் காரணம் தேடாமல் மறுபடி ஓட்டும் பழக்கம் வந்தது. சிவப்பை நம்பாத இடத்தில் பச்சைக்கும் மதிப்பில்லை.

கடிகாரத்தைத் தூக்கிவிட்டு ஒரு தூதுவரை வைத்தேன். சோதனையின் கடைசியில் மூல டேட்டாபேஸில் ஒரு சின்ன டேபிளில் பில்ட் எண்ணை ஒரு வரியாக எழுது. மறுபக்கம் அந்த வரி வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிரு. மூன்று நிமிடம் தாண்டினால் சிவப்பு. கமிட் ஆன வரிசையிலேயே சரக்கு வரும் என்பதால், கடைசி வரி வந்துவிட்டால் அதற்கு முன்னால் கிளம்பியதெல்லாம் வந்துவிட்டது. சாதாரணமாக இரண்டு விநாடியில் முடிந்தது. இத்தனை வருடத் தொழிலில் நான் பெருமைப்படும் வேலை இந்த ஒரு வரிதான்.

பெருமை இரண்டு வருடம் நீடித்தது. 2021இல் ப்ரைமரியின் மாற்றங்களைப் படிக்கும் டெபீசியமும், அவற்றைக் கடத்தும் காஃப்காவும் வந்தன. ஒவ்வொரு டேபிளும் தனி டாபிக். காஃப்காவில் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான். தூதுவர் தன் பாதையில் வந்து நின்று கைகாட்டுவார், பில் டேபிளின் சரக்கு வேறு பாதையில் இன்னும் வந்துகொண்டிருக்கும். மாற்றம் தொடும் ஒவ்வொரு டேபிளிலும் ஒரு சோதனை வரி எழுதித் தேடும்படி மாற்றி எழுத வேண்டியிருந்தது.

டெபீசியத்தை ஓட்டும் காஃப்கா கனெக்டிடம் இன்னொரு குணம் உண்டு. சிஐ புதிய அமைப்பை அதற்கு அனுப்பினால் வாங்கிக்கொண்டு உடனே சரி என்று பதில் தரும். நிலை என்ன என்று கேட்டால் கனெக்டருக்கு ஒரு நிலை சொல்லும், அதன் அடியில் டாஸ்க்குக்கு வேறொரு நிலை சொல்லும். மேலே ரன்னிங், கீழே ஃபெயில்ட். கடை திறந்திருக்கிறது, கல்லாவில் ஆள் இல்லை. எங்கள் சிஐ மேல் வரியை மட்டும் படித்து ஒரு வாரம் பச்சை காட்டியது. நோலாகிங் கதையேதான், இருபது வருடம் கழித்து.

டேபிள் மாற்றங்களின் வரிசையைச் சிஐயே கேட்கும்படி செய்ததுதான் நிலைத்து நின்ற ஏற்பாடு. காலம் சேர்ப்பதென்றால் வாங்கும் பக்கம் முதலில், கொடுக்கும் பக்கம் பிறகு. நீக்குவதென்றால் நேர்மாறு. பெயர் மாற்றம் என்று ஒன்றே கிடையாது, புதிதாக ஒன்று சேர், சில ரிலீஸ் கழித்துப் பழையதை நீக்கு. ப்ரைமரி கீ இல்லாமல் டேபிள் வந்தால் பில்ட் அங்கேயே சிவப்பு. அப்படிப்பட்ட டேபிளை ரெப்ளிகேஷனில் சேர்த்தால், ரெப்ளிகா அல்ல, ப்ரைமரியிலேயே அப்டேட் தோற்கும். சனிக்கிழமை ராத்திரி அண்ணனிடம் நான் கேட்ட கேள்வியை ஒருவழியாக இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று.

பாஸ்வேர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெப்ளிகேஷன் உரிமையுள்ள யூசர் என்றால், நெட்வொர்க் திறந்திருந்தால் மொத்த சர்வரையும் நகலெடுத்துக்கொண்டு போகலாம். அதைச் சிஐயில் வைத்தால், சிஐயில் கோட் ஓட்ட முடிந்த ஒவ்வொருவர் கையிலும் சாவி இருக்கிறது என்று பொருள். எங்கள் சிஐயில் இன்று அந்தச் சாவி இல்லை. கண்டெய்னருக்குள் பிறந்து கண்டெய்னருக்குள் சாகும் பாஸ்வேர்ட் மட்டும்தான்.

13ஆம் பதிப்பிலிருந்து ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வரை வைத்திருக்கலாம் என்று வரம்பு போடலாம். நாமாகப் போடாவிட்டால் வரம்பே இல்லை. நாங்கள் ஐம்பது ஜிபி போட்டிருக்கிறோம். ஒருமுறை யாரோ சிஐ வழியாகக் கனெக்டரை நீக்கினார்கள். கனெக்டர் போனாலும் அதன் ஸ்லாட் போகாது, அது டெபீசியத்தின் இயல்பு. நாலு நாளில் வரம்பு தாண்டி ஸ்லாட் செல்லாததாயிற்று, கனெக்டரைத் திரும்பக் கொண்டுவந்தபோது மொத்த டேட்டாவையும் முதலிலிருந்து ஏற்ற இரண்டு நாள் பிடித்தது. ப்ரைமரி மட்டும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பேரத்தை எத்தனை முறை கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

உங்கள் இடத்திலும் சிஐ இப்படி ஏதாவது ஒரு டேட்டாபேஸைத் தொடுகிறதென்றால், இன்றைக்கே ப்ரைமரியில் ஸ்லாட் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆக்டிவ் காலத்தில் எஃப் என்று ஒரு வரி இருந்தால், அதன் பெயரை வைத்துப் போட்டவரைத் தேடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், அடுத்த பண்டிகை லீவுக்கு முன்னால் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள்.